டியூபாவுக்கும் ஃப்ளூட்டுக்கும் ஆறு நிமிடம்

அறையில் யார் யார் இருந்தீர்கள் என்று காவலர் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

நான். முப்பத்தொன்பது வயது. அட்டைப்பெட்டி ஆலையில் இரவு வேலை.

என் தங்கை. முப்பத்துநான்கு. இடது கைச் சுண்டுவிரல் ஏற்கெனவே உடைந்திருந்தது.

அவள் கணவன். நகர பேண்டில் டிராம்போன் வாசிப்பவன். பேண்டின் இசைத்தாள் அறைக்கும் அவன்தான் பொறுப்பு.

ஒரு ஃப்ளூட். ஒரு டியூபா.

"டியூபான்னா?" என்றார் காவலர்.

"பித்தளை வாத்தியம். மடியில வெச்சு ஊதறது. இருக்கறதிலேயே பெருசு."

"அதை எடுத்துத்தான் அடிச்சியா?"

"இல்ல. ஸ்டாண்டை எடுத்து."

அவர் டியூபா என்ற சொல்லின் மேல் கோடு இழுத்துவிட்டு, ஸ்டாண்டு என்று எழுதினார். எதற்காக அங்கே போனீர்கள் என்று கேட்டார். டியூபாவும் ஃப்ளூட்டும் சேர்ந்து வாசிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் போனோம் என்றேன். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் கீழ் உதட்டில் இரண்டு தையல் இருந்தது. கிண்டல் செய்கிற நிலைமையில் நான் இல்லை.

இது தொடங்கியது கரண்டி வைக்கிற இழுப்பறையில்.

நகரின் மறுகோடியில் ஓர் இசைப் பள்ளி உண்டு. அங்கே ஃப்ளூட் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. சம்பளம் சுமார்தான். ஆனால் பள்ளிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தங்குவதற்கு ஓர் அறை தருவார்கள். விளம்பரத்தை என்னிடம் காட்டியபோது தங்கை சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அறையைப் பற்றிய வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "உள்பக்கமா பூட்டிக்கலாமாம். கேட்டுட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை அடிப்பான் என்பது எனக்குப் புதிய செய்தி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நான் வேலை முடிந்து வந்து படுக்கப் போகிற நேரம். "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றேன். அந்தப் பையை நானே தூக்கிக்கொண்டு போய் அவளை அவன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளை டீ போட்டுக் கொடுத்தான். குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

பள்ளியிலிருந்து தேர்வுக்கான அழைப்புக் கடிதம் வந்ததும் அதைக் கரண்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அவன் பார்த்துவிட்டான். கிழிக்கவில்லை. கத்தவும் இல்லை. "உன் லெட்டர்தானே, எடுத்துக்க" என்றான். அவள் இழுப்பறைக்குள் இடது கையை விட்டாள். அவன் முழங்காலால் இழுப்பறையைத் தள்ளினான். மற்ற விரல்கள் தோல் வழன்றதோடு தப்பித்தன. சுண்டுவிரல் தப்பவில்லை.

மருத்துவர் இரண்டு மரச்சில்லு வைத்துக் கட்டி, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"போச்சு, விடு" என்றேன்.

"என்ன போச்சு? பத்து விரல்ல ஒண்ணுதானே போச்சு" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. ஃப்ளூட்டில் இடது சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு விசைதான். அதை அழுத்தினால் ஜி ஷார்ப் என்ற சுரம். மேல் ஸ்தாயியில் வேறு ஒன்றிரண்டு சுரங்களுக்கும் அது வேண்டும். மற்றபடி அந்த விரல் சும்மா நீட்டிக்கொண்டு நிற்கும். ஜி ஷார்ப் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் ஒன்பது விரலில் வாசித்துவிடலாம்.

சிக்கல் அழைப்புக் கடிதத்தில் இருந்தது. தேர்வுக்கு வருபவர் இன்னொரு கருவியோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். அந்த இரண்டு கருவிகளுக்கென்றே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். வேறு கருவிக்கு எழுதியதை மாற்றியமைத்து வாசித்தால் ஏற்கமாட்டார்கள். தேர்வுக்கு வருபவரோ கூட வாசிப்பவரோ எழுதியது கூடாது. ஆறு நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

பியானோ என்றால் ஃப்ளூட்டுக்கு வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் நகரத்தில் பியானோ வாசிக்கிற நாலு பேருக்கும் இசைத்தாள் இரவல் கொடுப்பவன் மாப்பிள்ளை. நாலு பேரும் தங்கையிடம் ஒரே மாதிரி சொன்னார்கள், அந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று. கிளாரினெட்காரர் போனையே எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பயப்படத் தேவையில்லாத ஒரே வாத்தியக்காரன் நான்தான். இசைக் கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். பேண்டில் இரண்டு வருடம் ஊதிவிட்டு அதையும் விட்டவன். கட்டிலுக்கு அடியில் அடி வாங்கி நசுங்கிய ஒரு டியூபா கிடந்தது. நாலு வருடமாக அதைத் தொடவில்லை.

"டியூபாவுக்கும் ஃப்ளூட்டுக்கும் எந்தப் பைத்தியக்காரன் எழுதியிருப்பான்?" என்றேன்.

"தேடு. ஒரு பைத்தியக்காரனாவது இருப்பான்."

நகர நூலகத்தில் இரண்டு மதியம் தேடினோம். இசைப் பகுதியில் இருந்த அம்மாள் அட்டைப் பட்டியலை இழுத்து இழுத்துப் பார்த்தார். முதல் நாள் ஒன்று கிடைத்தது. டியூபா, ஃப்ளூட், கூடவே ஒரு பியானோ. திருப்பிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் ஒன்று. கல்லூரி மாணவர்களுக்கான பயிற்சி. தங்கை சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு ஃப்ளூட் பாகத்தின் நகலில் ஒவ்வொரு ஜி ஷார்ப்பையும் வட்டமிட்டாள். முதல் பக்கம் முடிவதற்குள் பக்கமே அம்மை போட்டது போல் ஆகிவிட்டது.

"அரைச் சுரம் கீழ இறக்கி வாசிச்சா?" என்றேன்.

"மாற்றியமைத்தது ஏற்கப்படாது." கடிதத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

நூலகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் தோளில் ஃப்ளூட் பெட்டி தொங்கியது. வீட்டில் வைத்துவிட்டு வர மாட்டாள். வைத்துவிட்டு வந்தால் திரும்பிப் போகும்போது அது நேராக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஏழாம் நாள் பழைய புத்தகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சிரித்து ஓய்வதற்கே நேரமாயிற்று.

"டியூபாவும் ஃப்ளூட்டுமா? எருமைக்கும் குருவிக்கும் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி இருக்குமே."

"குருவி எருமை முதுகுலதான் உக்காரும். நீங்க பார்த்ததில்லையா?" என்றாள் தங்கை.

"பார்த்திருக்கேன். ஆனா அதுங்க பேசிக்கிட்டுப் பார்த்ததில்ல."

ஏணியில் ஏறி ஒரு சிறுவர் தொகுப்பை எடுத்துத் தந்தார். அதில் ஒன்று இருந்தது. யானை ஒன்று எறும்பைத் துரத்துகிறதாம். இரண்டு நிமிடம். பதினோரு வட்டம். தங்கை பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துக் கடைக்காரருக்குச் சிரிப்பு போய்விட்டது.

"ஒண்ணு சொல்றேன். நம்ம ஊர் பேண்டுல முன்னாடி டியூபா வாசிச்சாரே ஒருத்தர், செத்துப்போனாரே. அவரு சம்சாரம் ஃப்ளூட். அந்தம்மா முன்னாடியே போயிடுச்சு. அந்தாளு சும்மா இருக்கற நேரமெல்லாம் எழுதிக்கிட்டே இருப்பாரு. வீட்டைக் காலி பண்ணப்ப ஒரு பெட்டி பேப்பர் இருந்துச்சு. நான் விலைக்குக் கேட்டேன். அதுக்குள்ள பேண்டுக்குச் சேர வேண்டியதுன்னு ஒருத்தன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான். இடுப்புல சாவிக்கொத்து கட்டிக்கிட்டுத் திரிவானே, அவன்தான். படிக்கவும் மாட்டான், படிக்கறவனுக்குக் கொடுக்கவும் மாட்டான்."

"தெரியும்" என்றாள் தங்கை. "எங்க வீட்டுக்காரர்."

கடைக்காரர் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் பேண்டு தன் கட்டடத்தின் பின்முற்றத்தில் நடைப் பயிற்சி செய்யும். மாப்பிள்ளையும் டிராம்போனோடு அதில் நடப்பான். இசைத்தாள் அறைக்கு இன்னொரு சாவி உண்டு. அதை அவன் விழாக்காலத் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகி வைத்திருப்பான். பதினொரு வருடம் அந்தத் தொப்பியைத் துடைத்து வைத்தவள் தங்கை. அவளுக்குத் தெரியாமலிருக்குமா.

மறுநாள் அந்தச் சாவியோடு முன்வாசல் வழியாக நுழைந்தோம். இசைத்தாள் அறை தரைத்தளத்தின் கோடியில், பின்முற்றத்துச் சுவரை ஒட்டி இருந்தது. சன்னல் இல்லை. கூரை வரை இரும்புத் தட்டுகள், தட்டு முழுக்கக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளையின் சதுரக் கையெழுத்து. மூலையில் மடக்கிய இசைத்தாள் ஸ்டாண்டுகள், அடிப்பாகம் வார்ப்பிரும்பு, ஒவ்வொன்றும் நாலு கிலோ இருக்கும். சுவரோரம் உதிரி வாத்தியங்கள். அங்கே பேண்டின் இரண்டாவது டியூபா நின்றது. நான் வாசித்த டியூபா. யாரோ துடைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

சுவருக்கு அந்தப்பக்கம் பெரிய முரசு இடித்துக்கொண்டிருந்தது.

தங்கை கீழ்த்தட்டில் குனிந்து ஒரு பெட்டியை இழுத்தாள். 'வகைப்படுத்தாதவை' என்று எழுதியிருந்தது. பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. அடியில் தடித்த காகிதத்தில் நாலு இசைத்துண்டுகள், பென்சிலில் எழுதியவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாத்தியமும் சேர்ந்த மூலமும் தனித்தனிப் பாகங்களும். தலைப்பெல்லாம் இல்லை. 'டியூபாவுக்கும் ஃப்ளூட்டுக்கும்', ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவ்வளவுதான்.

முதலாவதில் ஜி ஷார்ப் கொட்டிக் கிடந்தது. இரண்டாவது, மூன்று நிமிடம்கூட வராது. நான்காவது பாதியில் நின்றது. மூன்றாவதை அவள் தரையில் விரித்து, முழங்காலிட்டு, பென்சிலை வரிவரியாக நகர்த்தினாள். நான் நின்றுகொண்டே எண்ணினேன். ஆறரை நிமிடம் வரும். பென்சில் நகர்ந்துகொண்டே இருந்தது. வட்டம் விழவில்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு கடைசிவரை எதுவும் இல்லை.

"ஒண்ணு" என்றாள்.

"ஒண்ணா?"

"எண்பத்தெட்டாவது பார், இந்தக் கட்டம். ஒரே ஒரு ஜி ஷார்ப். அதுவும் நீளமா."

"அந்த எடத்துல எனக்கு என்ன?"

"உனக்கு ஓய்வு."

"அப்ப அதை நான் வாசிச்சிடறேன். கீழ. ஒரு சுரம்தானே, யாருக்குத் தெரியப் போவுது."

அவள் யோசித்தாள். தலையை ஆட்டினாள். தாள்களை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, போலாம்."

அப்போதே போயிருக்க வேண்டும். நான் டியூபாவைப் பார்த்தேன்.

"ரெண்டு வரி ஊதிப் பாத்துடுவோம்."

"வேணாம்ணா. வெளிய கேக்கும்."

"இந்த முரசுச் சத்தத்துல எது கேக்கும்?"

"படிச்சாலே தெரியுதே. வீட்ல போய் வாசிச்சுக்கலாம்."

"மூச்சு எங்க எடுக்கறதுன்னு படிச்சா தெரியாது. ஊதினாத்தான் தெரியும். அந்தாள் மூச்சுக்குறியே போடல பாரு."

இது உண்மைதான். ஆனால் அதற்காக நான் உட்காரவில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு எனக்கு அந்த டியூபா வேண்டியிருந்தது. திருட வந்த வீட்டில் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிற முட்டாள்தனம் வேறு எந்தத் தொழில்காரனுக்கும் வராது. உட்கார்ந்தேன். என் பாகத்தை ஒரு ஸ்டாண்டில் விரித்து வைத்தேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து ஃப்ளூட்டை மாட்டினாள்.

அது பைத்தியக்காரன் எழுதியதில்லை. இரண்டு கருவிக்கும் நடுவில் மூன்று ஸ்தாயி வெற்றிடம் இருக்கிறது. அந்த மனிதர் அதை நிரப்பப் பார்க்கவே இல்லை. கீழே நான் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் மேலே அவள் அதை மறுக்கிறாள். நான் திரும்பவும் சொல்கிறேன். அவள் திரும்பவும் மறுக்கிறாள். வீட்டுக்குள் நடக்கிற சண்டைதான், யாரும் கை ஓங்காத சண்டை. முதல் பக்கத்தில் மூச்சு பிடிபட்டது. இரண்டாம் பக்கத்தில் தங்கையின் தோள் இறங்கியது. ரெண்டு வரி என்று சொன்னவன் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.

முற்றத்தில் முரசு நின்றுவிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. இடைவேளை விட்டிருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கிற அறைக்குள்ளிருந்து டியூபா சத்தம் சுவர் வழியாக இறங்கி முற்றத்துக்குப் போயிருக்கிறது. என் பக்கத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து டிராம்போன் வாசித்தவனுக்கு என் மூச்சு தெரியாதா.

கதவு திறந்தது. மாப்பிள்ளை சீருடையில் நின்றான். வேர்த்திருந்தான். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"என்ன மச்சான், கச்சேரியா? எனக்குச் சொல்லவே இல்லையே."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். டியூபா மடியில் இருக்கும்போது சட்டென்று எழ முடியாது. அவன் இரண்டு எட்டில் வந்து சாவிக்கொத்தை முஷ்டியோடு என் வாயில் இறக்கினான். உதடு பல்லுக்கும் சாவிக்கும் நடுவில் மாட்டிக் கிழிந்தது. வாய் நிறைய உப்பு. டியூபா சரிந்தது. ரத்தம் என் பாகத்தின்மேல் கொட்டியது.

"பூட்டின ரூமு. எப்படி வந்தீங்க? தொப்பியா?" அவன் தங்கையிடம் கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை. "தொப்பியில கை வெச்சியாடி?"

அவன் என் தாளை ஸ்டாண்டிலிருந்து உருவி நெடுக்காகக் கிழித்தான். பிறகு அவளுடையதை எடுக்க வந்தான். அவள் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஃப்ளூட்டை வலது கையால் தலைக்கு மேல் தூக்கினாள். ஃப்ளூட்டைத்தான் முதலில் காப்பாற்றினாள். இடது கை நடுவில் மாட்டியது. அவன் மரச்சில்லோடு சேர்த்துச் சுண்டுவிரலைப் பிடித்தான்.

"இதானே வாசிக்குது" என்று முறுக்கினான்.

அவள் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை.

அவன் முறுக்கி முடிக்கிறவரை நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவலரிடம் இதைச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் ஸ்டாண்டை எடுத்தேன்.

முதல் அடி மணிக்கட்டில். விரலை விட்டான். இரண்டாவது விலாவில். மூன்றாவது தாடையில், வார்ப்பிரும்புப் பக்கமாக. இரண்டு பல் கோப்புத் தட்டில் போய் விழுந்தது. அவன் முழங்காலிட்டான்.

"போதும்" என்றாள் தங்கை.

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. டியூபாக்காரன் வேலையே எண்ணுவதுதான், நாற்பது பார் ஓய்வு இருந்தாலும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணிக்கொண்டுதான் அடித்தேன். நாலு, ஐந்து, ஆறு. அவன் கையை உயர்த்தினான். ஏழு. கை விழுந்தது. எட்டு. எனக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சுகத்தை மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது. நாலு வருடமாக அட்டைப்பெட்டி மடித்த கை, ஏதோ ஒரு வேலையைச் சரியாகச் செய்வது போல் இருந்தது.

தங்கை சுவரோடு ஒட்டி நின்றாள். தாள்களும் ஃப்ளூட்டும் பத்திரமாக இருந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "அவன் என்ன சொல்றான்னு பார்க்கணும்" என்றார். தாடையில் கம்பி போட்டிருக்கிறார்கள், மூன்று வாரம் வாயைத் திறக்க முடியாது என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. எழுதித் தரட்டுமே என்றார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு என்றார்கள். காவலர் பெருமூச்சு விட்டார்.

"திங்கக்கிழமை சாயந்திரம் வந்துடு. தலைமறைவாயிடாத. இடது கையால எழுத ரெண்டு நாள் ஆகும் அவனுக்கு."

"காலையில ஒரு வேலை இருக்கு. முடிச்சிட்டு வரேன்."

"என்ன வேலை?"

"வாசிக்கணும்."

"இன்னமுமா?" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பள்ளியின் இரண்டாம் மாடியில் ஒரு நீள அறை. மேசைக்குப் பின்னால் தலைமை ஆசிரியை, காதில் பென்சில் செருகியவர். பக்கத்தில் வயலின் ஆசிரியர், ஜலதோஷம் பிடித்தவர். நான் கட்டிலுக்கு அடியில் கிடந்த நசுங்கிய டியூபாவைக் கொண்டுபோயிருந்தேன். என் பாகம் நடுவில் நாடா ஒட்டி, கீழ்ப்பாதி பழுப்பேறி இருந்தது. தங்கையின் விரலுக்குப் புது மரச்சில்லு, கனமான கட்டு. ஃப்ளூட்டின் மேல் அந்த விரல் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

தலைமை ஆசிரியை மூலத்தை வாங்கிப் புரட்டினார். என் தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன கறை?"

"ரத்தம்" என்றாள் தங்கை.

அவர் என் உதட்டைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சுரம் தெரியுதா அதுல?"

"தெரியுது" என்றேன்.

"அப்ப வாசிங்க. நான் மூலத்தை வெச்சுப் பாத்துக்கிட்டு வருவேன்."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

மவுத்பீஸை உதட்டில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டியூபாவின் மவுத்பீஸ் ஒரு சின்னக் கிண்ணம் அளவு இருக்கும். உதடு முழுக்க அதற்குள் துடிக்க வேண்டும். தையல் போட்ட உதடு துடிக்காது, இழுக்கும். முதல் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு போனது. இரண்டாம் பக்கத்தில் ஒரு தையல் விட்டது. ரத்தம் மவுத்பீஸுக்குள் இறங்கிக் குழலில் கொப்பளிக்க ஆரம்பித்தது. அவள் எதையும் கண்டுகொள்ளவில்லை. ஒரு சுரம்கூடத் தயங்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் மேலிருந்து மறுத்துக்கொண்டே போனாள்.

எண்பது. எண்பத்தொன்று. எண்ணினேன். எண்பத்தாறில் எனக்கு ஓய்வு தொடங்கியது. உதட்டைத் துடைத்தேன். எண்பத்தேழு. மூச்சை இழுத்தேன். அவளுடைய அந்த ஒரு சுரத்தை நான் கீழே பிடிக்க வேண்டும். வீட்டில் இரண்டு நாளாக இருபது முறை பிடித்தேன்.

எண்பத்தெட்டு. ஊதினேன். இரண்டாவது தையலும் விட்டது. சுரம் வரவில்லை. வெறும் காற்று வந்தது, வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்குகிற மாதிரி.

அந்த வெற்றிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால், இல்லவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் மூச்சை இழுத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டோடு, சில்லோடு, அந்த விரலை மொத்தமாகத் தூக்கி விசையின்மேல் இறக்கினாள். உள்ளே ஏதோ நறுக்கென்றது எனக்கே கேட்டது. ஜி ஷார்ப் வந்தது. நீளச் சுரம். எழுதியிருந்த நீளம் முழுக்க, கொஞ்சமும் நடுங்காமல் பிடித்தாள். முகத்தில் நிறமே இல்லை. பிறகு விரலை எடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

கடைசிப் பக்கத்தில் நான் ஊதியது பாதிதான் சத்தமாக வந்தது. பரவாயில்லை. கடைசிப் பக்கம் அவளுடையது.

வயலின் ஆசிரியர் மூக்கைச் சிந்தினார். தலைமை ஆசிரியை மூலத்தில் எங்கேயும் பென்சில் வைக்கவில்லை.

"அந்த ஒரு எடம்" என்றார். "அதை விட்டுட்டுப் போயிருக்கலாமே. பெரிய குறையா எடுத்திருக்க மாட்டேன்."

"எழுதியிருக்குதுங்க" என்றாள் தங்கை.

வெளியே பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவள் கையை மடியில் வைத்திருந்தாள். கட்டு நுனியில் சிவப்பு ஊறி வந்தது. நான் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தேன். எங்களைத் தாண்டிப் போன ஒருவர், "ரெண்டு பேரும் வாசிக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். 

தலைமை ஆசிரியை வெளியே வந்தார். விரல் சரியாகும்வரை பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். எப்போதிலிருந்து தங்க வருகிறாய் என்று கேட்டார்.

"இப்ப" என்றாள்.

பை என் வீட்டில் இருந்தது. சனிக்கிழமையே அதைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஓட்டமாகப் போய் எடுத்து வந்தேன். போக வர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. காவல் நிலையத்துக்குப் போகச் சாயந்திரம்வரை நேரம் இருந்தது. மூன்று மாடியும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அவள் எனக்கு முன்னால் ஏறினாள், சாவியை வலது கையில் பிடித்துக்கொண்டு.

குறுகிய தாழ்வாரம். கோடியில் பச்சை வண்ணக் கதவு. அவள் திறந்தாள். கட்டில், மேசை, ஒரு சன்னல். சன்னலில் திரை இல்லை.

"திரை ஒண்ணு வாங்கி மாட்டிடறேன்" என்று பையோடு உள்ளே கால் வைக்கப் போனேன்.

அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பையை அங்கயே வெச்சிடுண்ணா."

வைத்தேன்.

"இதே பைதான்" என்றாள். "நீதான் தூக்கிட்டுப் போய் அவன் வீட்ல விட்டே."

"அது அப்போ. இப்ப நான் உனக்காக..."

"மூணாவதுலயே போதும்னு சொன்னேன். கேட்டுச்சுல்ல?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னோடு இரண்டு நாள் வாசித்தவள். எனக்கு எது கேட்கும், எது கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

"கேட்டுச்சு" என்றேன்.

"அவன் அடிக்கறப்ப மூக்கால மூச்சு விடுவான். நீயும் அப்படித்தான் விட்டே." இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஃப்ளூட்காரி மூச்சைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "ஊதறப்ப வாயாலதான் இழுப்பே. அடிக்கறப்ப அவன் மாதிரி."

 உதடு திரும்பவும் கசிந்தது. கையால் துடைத்தேன்.

"ஸ்டேஷன்ல நான் வந்து சொல்லணும்னா சொல்றேன்" என்றாள். "நடந்ததை அப்படியே சொல்வேன். எட்டையும் சொல்வேன்."

"சொல்லு."

"உதட்டுக்குத் திரும்பத் தையல் போட்டுக்க."

குனிந்து வலது கையால் பையை இழுத்தாள். கனமான பை. இடது கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைக் காலாலும் கையாலும் உள்ளே தள்ளினாள். உதவி செய்ய நான் குனியவில்லை. பை வாசலைத் தாண்டியதும் நிமிர்ந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பூட்டு இரண்டு முறை திரும்பியது.